பச்சை விளக்குப் பிள்ளை

இரட்டைப் பிள்ளை என்றதும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி ஒரு போட்டோ, கையில் கொண்டுவந்த இரண்டு சட்டை, ஒரு சோப்பு டப்பா, அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் உள்ளே என்ன கூத்து நடக்கிறது என்று எவருக்குத் தெரியும்? சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சந்திரம்மாள் வாடகைக்கு விட்டிருக்கும் ஆறு அறைகளில் நான்காவது அறையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த அறைக்காரி நாச்சியார். ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆள் எடுக்க வந்த வேனில் ஏறி வந்தவள், செல்போன் பூட்டும் கம்பெனியில் ஏழு வருஷம் தள்ளிவிட்டாள். மெலிந்த உடம்பு, உரத்த குரல், ஒன்றைப் பிடித்தால் விடாத குணம். சூப்பர்வைசர்களே அவளிடம் பேசும்போது ஒருமுறை யோசித்துத்தான் பேசுவார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு மேஜைக்கும் மேலே ஒரு விளக்குக் கம்பம் உண்டு. வேலை ஓடிக்கொண்டிருந்தால் பச்சை எரியும். ஏதாவது சிக்கல் என்றால் மேஜையில் இருப்பவள் பட்டனை அமுக்க வேண்டும். உடனே சிவப்பு எரியும், சூப்பர்வைசர் விழுந்தடித்துக்கொண்டு வருவார். சிவப்பைப் பார்த்தால் ஓடு, பச்சையைப் பார்த்தால் உன் வேலையைப் பார். சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லித் தருவார்கள். நாச்சியாரின் வேலை மட்டும் இதற்கு நேர் எதிர். அவள் ஆடிட் பார்ப்பவள். மணிக்கு ஒருதரம் பச்சை எரிகிற மேஜையாகப் பார்த்துப் போய் ஐந்து போனை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகப்பிரியா மாட்டினாள். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. திருகாணி முடுக்கும் கருவி பிடிமானம் இல்லாமல் சுற்றுகிறது என்று அவளுக்குத் தெரியும். பட்டனை அமுக்கினால் லைன் நிற்கும், லைன் நின்றால் திட்டுவார்களே என்று பயந்து, தலையைக் குனிந்தபடி நானூறு போனை அப்படியே தள்ளிவிட்டாள். மேலே பச்சை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. நாச்சியார்தான் போய்க் கண்டுபிடித்தாள். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணைப் பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தபோது, அமுக்காதது அவள் தப்பில்லை, அமுக்கப் பயப்படும்படி வைத்திருப்பது நம் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னவளும் அவள்தான். அன்றிலிருந்து சுகப்பிரியாவுக்கு அவள் அக்கா. பிற்பாடு சுகப்பிரியாவும் அதே சந்திரம்மாள் வீட்டில், ஐந்தாவது அறையில், இன்னும் மூன்று பெண்களோடு குடி வந்தாள்.

நாச்சியாரின் புருஷன் காசிராஜன் உடன்குடிக்காரன். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால் வலி வந்துவிட்டது. ஒரு மாதம் முந்திப் பிறந்ததில் இரண்டும் பெண். நாலு நிமிஷ வித்தியாசம். அம்மா இல்லாதவள் நாச்சியார். மாமியார் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூட இருந்தாள். ஊரில் படுக்கையில் கிடக்கும் மாமனாரை அதற்குமேல் விட முடியாமல் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். வீட்டுக்கு வரும்போது பெரியவள் இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். சின்னவள் ஆயிரத்து எண்ணூற்று இருபது.

காசிராஜனின் விடுப்பு மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் போனால் மாலை நாலரைக்குத்தான் தலையைக் காட்டுவான். நாச்சியார் ஒருத்தி, பிள்ளைகள் இரண்டு, பத்துக்குப் பத்து அறை. பல் தேய்க்கவே மதியம் ஆகும். ஒன்றுக்குத் துணி மாற்றி முடிப்பதற்குள் மற்றது நனைத்திருக்கும். சோற்றை வடித்து வைத்தால் சாப்பிடும்போது அது விறைத்துப் போயிருக்கும். இதெல்லாம் எந்தத் தாய்க்கும் உள்ளதுதான், அவளும் முணுமுணுக்கவில்லை.

சிக்கல் சுவரில் இருந்தது. நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் ஐந்தாவது அறையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நாலு பெண்கள் காலை எட்டு மணிக்கு ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பார்கள். மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். தூக்கம் கெட்டால் லைனில் கண் சொருகும், கண் சொருகினால் என்ன ஆகும் என்று நாச்சியாருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பெரியவளோ பசி என்று தெரிந்த மாத்திரத்தில் ஊரைக் கூட்டிவிடுவாள். அவள் வாயைத் திறந்தாலே நாச்சியார் பாய்ந்து தூக்கி மார்பில் போட்டுக்கொள்வாள். காசிராஜனும் அப்படித்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் எது கத்துகிறதோ அதைத் தூக்குவான்.

சின்னவள் கத்தவே மாட்டாள். தூங்குவாள். எழுந்தால் கண்ணை உருட்டி விட்டத்தைப் பார்ப்பாள், பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், மறுபடி தூக்கம். மார்பில் வைத்தால் இரண்டு நிமிஷம் சப்பிவிட்டு அயர்ந்துவிடுவாள். வயிறு நிறைந்துவிட்டது என்று நாச்சியார் நினைத்தாள். இரண்டு மணிக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதித்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் அதன்படி செய்தாள். அப்புறம் பெரியவள் ஆர்ப்பாட்டத்தில் அது நழுவிவிட்டது. வீட்டுக்காரி சந்திரம்மாள் வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சின்னவளைத்தான் மெச்சுவாள். தங்கமான கொயந்த, வூட்ல கீறதே தெரியலையே என்பாள். நாச்சியாருக்கும் உள்ளூரப் பெருமை. இரண்டில் ஒன்றாவது நம் கஷ்டம் தெரிந்து பிறந்திருக்கிறதே என்று காசிராஜனிடம் சொல்லிக்கூட இருக்கிறாள். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

பிள்ளைகளுக்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்த புதன்கிழமை, கிராம சுகாதார நர்ஸ் இசைவாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையைத் துணித் தூளியில் போட்டுத் தொங்கவிட்டால் எடையை எண்ணில் காட்டும் தராசு ஒன்று அவரிடம் உண்டு. பெரியவளைப் போட்டார். இரண்டு கிலோ முந்நூற்றிருபது. நல்லது என்று எழுதிக்கொண்டார். சின்னவளைப் போட்டார். எண்ணைப் பார்த்தார். இறக்கி, தூளியை உதறி, மறுபடி போட்டார். ஆயிரத்து எழுநூற்று அறுபது.

பிறந்த பிள்ளை ஏற வேண்டும், இவள் இறங்கியிருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறாள் என்று கேட்டார் நர்சம்மா. நாச்சியாருக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பெரியவளுக்குத் தெரியும், எட்டு ஒன்பது. சின்னவளுக்கு மூன்றா, நாலா? எப்போது கடைசியாகப் பால் குடித்தாள் என்றால் அதுவும் தெரியவில்லை. நர்சம்மா திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அழுற கொழந்த எப்படியும் வாங்கிக் குடிச்சிடும்மா. அழாத கொழந்தைக்கித்தான் நாம கடிகாரம் பாக்கணும். அழுறதுக்கே இதுக்குத் தெம்பு இல்ல, அதான் தூங்கினே இருக்கு."

திங்கட்கிழமை மறுபடி வருவேன் என்றார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் சேர்த்தே ஆக வேண்டும், நடுவில் பால் குடிக்காமல் துவண்டால் திங்கள் வரை காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். சேர்த்தால் தாய் அங்கே இருக்கலாம். கூடப் பிறந்ததை உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் பெரியவளை யாரிடம் விடுவது? காசிராஜன் விடுப்பு கேட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். நாலு நிமிஷ இடைவெளியில் வந்த இரண்டையும் ஆளுக்கொரு ஊரில் பிரித்துப் போட வேண்டும்.

நர்சம்மா போனபிறகு நாச்சியார் சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் கத்தினாள். கத்தட்டும் என்று விட்டாள். ஏழு வருஷம் பச்சை விளக்கைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தவள் நான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பச்சையை நம்பாதே என்று வகுப்பெடுத்தவள். என் வீட்டில், என் பிள்ளைக்கு, சிவப்பு எரிந்த பக்கம் மட்டுமே ஓடியிருக்கிறேனே! கண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரம் கொட்டவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

தினசரிக் காலண்டரின் பின்னட்டையைக் கழற்றினாள். இரண்டு மணிக்கு ஒருதரம் என்றால் நாளைக்குப் பன்னிரண்டு வேளை. திங்கள் நண்பகல் வரை ஐந்து நாளைக்கு அறுபது வேளை. அறுபது கட்டம் போட்டு, சுவரில் ஒட்டினாள். போனில் அலாரம் வைத்தாள். பாலைப் பீய்ச்சி, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி, அதன் மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்துத் துளித் துளியாக விடுவது. இருபத்தைந்து மில்லி முழுதும் உள்ளே போனால்தான் கட்டத்தில் கோடு. எந்த வேளையும் சின்னவளுக்குத்தான் முதலில், பெரியவள் கூரை பிய்யக் கத்தினாலும் சரி. மாலை வந்த காசிராஜன் சுவரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், சட்டையைக் கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான். சின்னவளை வெறும் நெஞ்சில் போட்டு மேலே துணி சுற்றிக்கொள்ளும்படி நர்சம்மா சொல்லியிருந்தார். உடம்புச் சூட்டிலேயே பிள்ளைக்குச் சதை பிடிக்குமாம்.

அன்று மூன்று மணிக்கே நாச்சியார் ஐந்தாவது அறைக் கதவைத் தட்டியிருந்தாள். தூங்கி எழுந்த முகத்தோடு நாலு பெண்களும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். அஞ்சு நாளைக்கு என் மூத்தவள் அழுவாள், நான் உடனே தூக்கமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. மூன்று பேர் தலையாட்டினார்கள், அரைமனதாகத்தான். சுகப்பிரியா பெரியவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்வரை உலாத்தினாள்.

தூங்குகிற பிள்ளையை எழுப்புவது இருக்கிறதே, பெரியவர்கள் முன்னால் அதைச் செய்வது பெரும்பாடு. துணியை அவிழ்க்க வேண்டும், உள்ளங்காலைச் சுண்ட வேண்டும், காதோரம் தேய்க்க வேண்டும். சின்னவள் முகம் சுளித்து மறுபடி தூங்கப் பார்ப்பாள். வியாழக்கிழமை சந்திரம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பதறிப்போனாள்.

"இன்னாம்மா நீ, தூங்கினு கீற கொயந்தைய இந்தப் பாடு படுத்துற? தூக்கத்துலதாம்மா ஒடம்பு ஏறும்."

"இவளுக்கு ஏறலம்மா, எறங்குது. நான் எழுப்பத்தான் செய்வேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி," என்றாள் நாச்சியார், கையை நிறுத்தாமல்.

சந்திரம்மாள் முகத்தை நொடித்துக்கொண்டு போனாள். ஆனாலும் மாடிக்கொடியில் நாச்சியார் காயப்போட்டிருந்த துணிகளை மழைத்தூறல் விழுந்ததும் அவள்தான் எடுத்து மடித்து வைத்திருந்தாள். மனசு பொல்லாதவள் இல்லை, வாய்தான்.

வெள்ளிக்கிழமை சின்னவள் ஆறு துணி நனைத்தாள். நாச்சியார் அந்த ஈரத் துணியைப் பிழியாமல் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அதிகாலை ஒரு வேளைப் பாலைச் சின்னவள் முழுதும் கக்கிவிட்டாள். நாச்சியார் கட்டத்தில் போட்ட கோட்டை அடித்துவிட்டு மறுபடி கால் மணி பொறுத்துக் கொடுத்தாள். இவ்வளவு செய்தும் எடை ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. காசிராஜனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முக்கில் கோழிக்கடையில் கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு இருக்கிறது, தூக்கிக்கொண்டு போய் ஒருதரம் பார்த்துவிடலாமே என்றான்.

"கோழி வச்ச தட்டுலயா எம்பிள்ளைய வைக்கச் சொல்லுதிய?" என்றாள் நாச்சியார். "அந்தத் தராசு சரியான்னு யாரு பாத்தா? சும்மா கெடங்க. திங்கக்கெழம தெரியும்லா."

அவனும் சும்மா கிடந்தான். ஆனால் திங்கள் வரை அவள் உடம்பு தாங்க வேண்டுமே. மூன்று நாளாக ஒரு மணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போல் தூங்காதவள். சனிக்கிழமை காலை பத்து மணி வேளையை முடித்துப் பெரியவளுக்கும் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும்.

யாரோ கதவை இடிக்கும் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். போன் தரையில் கதறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். பிள்ளைகள் இரண்டும் தூங்கின. கதவைத் திறந்தால் சுகப்பிரியா. நைட்டி, சிவந்த கண், கலைந்த தலை. லைனில் நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே வியர்க்கிற பெண், இப்போது பின்னால் ஐந்தாவது அறையிலிருந்து தோழிகள் திட்டுவதைக் காதில் வாங்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அலாரம் அடிச்சிட்டே கெடக்கு. பிள்ளைக்கு நேரமாச்சுக்கா."

நாச்சியாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் பாலெடுப்பதற்குள் சுகப்பிரியாவே உட்கார்ந்து சின்னவளின் துணியை அவிழ்த்து உள்ளங்காலைச் சுண்ட ஆரம்பித்திருந்தாள். இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இருபத்தைந்து மில்லியும் போனது. சுகப்பிரியாவே பேனாவை எடுத்துக் கட்டத்தில் கோடு போட்டாள். அன்று நான் பட்டனை அமுக்கவில்லை, நீங்களாகத்தானே வந்து பார்த்தீர்கள் என்று மெதுவாகச் சொன்னாள். நாச்சியார் அவள் தலையில் கையை வைத்தாள். அன்றிலிருந்து பகல் பன்னிரண்டு மணி வேளை சுகப்பிரியாவுடையது. நாச்சியார் அந்த நேரம் கட்டையாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை நர்சம்மா பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. பதினொன்று ஆனது. காசிராஜன் கம்பெனி டீ நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டான், இன்னும் இல்லை என்றாள். மறுபடி சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஸ்கூட்டி வந்து நின்றது. இன்னொரு வீட்டில் காய்ச்சல் குழந்தையாம். பால் கொடுத்துவிடட்டுமா என்று நாச்சியார் கேட்டதற்கு, குடித்தபிறகு எடை பார்த்தால் பாலின் எடையும் சேர்ந்துவிடும், பார்த்துவிட்டுக் கொடு என்றார் இசைவாணி. சரிதான். கள்ள எடை நாச்சியாருக்கும் வேண்டாம்.

முதலில் பெரியவளைப் பார்த்து எழுதினார். தூளியை மாற்றினார். அதற்குள் அலாரம் அடித்தது. அறுபதாவது வேளை. பால் பாலாடையில் தயாராக இருந்தது, கொடுக்க முடியாமல் நாச்சியார் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். வாசலில் சுகப்பிரியா, அவளுக்குப் பின்னால் சந்திரம்மாள். நர்சம்மா சின்னவளின் துணியை அவிழ்த்துத் தூளியில் கிடத்தி, கொக்கியில் மாட்டித் தூக்கினார்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். பாலாடைக்காக உதட்டைத் திருப்பினாள். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் திருப்பினாள். அங்கேயும் இல்லை. ஐந்து நாளாக மணியடித்தால் வாய்க்கு வந்த பால் இப்போது எங்கே போனது? முகம் சிவந்தது, கால் இரண்டும் வயிற்றோடு மடங்கின, பிறந்து இருபத்து மூன்று நாளில் ஒருதரம்கூடத் திறக்காத தொண்டையைத் திறந்து கத்தினாள். அப்படி இப்படி இல்லை. ஆறு அறைக்கும் கேட்கிற கத்தல். பெரியவளே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

தூளி குலுங்கியது. தராசில் எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது.

"கொஞ்சம் சமாதானப்படுத்தும்மா," என்றார் நர்சம்மா. "இப்படி உதைச்சா எப்படி எடை பாக்குறது?"

நாச்சியார் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஐந்தாவது அறையில் மூன்று பெண்கள் தூங்குகிறார்கள் என்பது அவளுக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

"அழட்டும் சிஸ்டர். ரெண்டு நிமிஷம் அழட்டும்."

நர்சம்மா தூளியை ஒரு கையால் லேசாகத் தாங்கி, மெதுவாக விட்டார். எண் நின்றது. அவர் அதைப் பார்த்தார், நாச்சியாரைப் பார்த்தார், சொன்னார். பிள்ளை கத்துகிற கத்தலில் யாருக்கும் கேட்கவில்லை. என்னது, என்னது என்று வாசலிலிருந்து சந்திரம்மாள் கேட்டாள். நர்சம்மா குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். அப்போதும் நாச்சியாருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது தரம், அந்தப் பிள்ளைக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபதும்மா! எறக்கி மொதல்ல பாலக் குடு!"